ஒன்றும் மாற்றாத வண்டி

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் ரேஸ் வண்டிகளுக்கு டெஸ்ட் டிரைவர் என்று சொன்னால், அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எவ்ளோ ஸ்பீடு போவ?" பெரம்பலூர் நாலு ரோட்டில் டீ குடிக்கும்போது கேட்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். எனக்கு எரிச்சல் வரும். வேகமாகப் போகிறவன் ரேஸில் ஓட்டுகிறவன். அதற்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்து, அது எங்கே என்ன செய்கிறது என்று சொல்கிறவன் நான். சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"உனக்கு ரேஸ் ஓட்ட வரல, அதான் இதுல போயி உக்காந்துட்ட" என்று என் தங்கச்சி புருஷன் ஒரு முறை சொன்னான். தங்கச்சி புருஷன் என்பதால் சும்மா விட்டேன்.

இப்படிப் பேசுகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அதனால் எனக்கு இந்த வேலை கிடைத்த கதையை எழுதிவிடுகிறேன். நல்ல டெஸ்ட் டிரைவருக்கு என்ன வேண்டும் என்பது எனக்கே அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அதற்கு முன் சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியின் சோதனைத் தடத்தில் காண்ட்ராக்ட் டிரைவராக இருந்தேன். வேண்டுமென்றே மேடும் பள்ளமுமாகப் போட்ட ரோடு. ஷிஃப்ட் முழுக்க அதே ரோட்டில், அதே கியரில், அதே வேகத்தில் சுற்ற வேண்டும். பைத்தியம் பிடிக்கிறது என்று பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நாம் ஒரே மாதிரி ஓட்டினால்தான் வண்டி மாறுவது தெரியும். போர்வெல் மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே தண்ணீர் இறங்கிவிட்டது என்று காட்டுக்காரன் கண்டுபிடிப்பான் இல்லையா, அது மாதிரி. மோட்டாரைத் தினமும் கூட்டிக் குறைத்து ஓட்டினால் அவனுக்கு எதுவும் தெரியாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்ன ராலி டீம் டெஸ்ட் டிரைவர் தேடுகிறது என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். அவர்கள் ஓட்டுகிற ராலி பந்தயம் தார் ரோட்டில் நடக்காது. மண்ணும் சரளையும் கிடக்கிற பாதையில் நடக்கும். அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று அவர்களும் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் போன் போட்டு, "எங்க ஊருப் பக்கம் வாங்க" என்றேன். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக் கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு மைன்ஸ் எனக்குத் தெரியும். இடத்துக்காரரிடம் நானே பேசி அனுமதி வாங்கினேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

குரும்பலூரில் என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள். "இருந்த வேலையயும் வுட்டுட்டு, மைன்ஸ் குழியில வண்டி ஓட்டப் போறேங்குறீங்க. அவங்க வேணாம்னுட்டா?"

"வேணாம்னா கரும்பு டிராக்டர் ஓட்டுறேன், எறையூர் மில்லுக்கு."

"அதுல பின்னாடி ரெண்டு டிரெய்லர் ஆடுமே, அதையும் உக்காந்து சொல்லிட்டு இருப்பீங்க."

அவளுக்குப் பயம். எனக்கும்தான். மூன்று நாள் டெஸ்ட். அதில் நான் சரிப்பட்டால் அந்த வருஷம் முழுக்க வேலை. சரிப்படாவிட்டால் வீடு.

முதல் நாள் காலையில் வண்டியை லாரியிலிருந்து இறக்கினார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே துணி, மெத்தை எதுவும் கிடையாது. வெறும் தகடும், குறுக்கும் நெடுக்கும் இரும்புக் குழாய்க் கூண்டும்தான். ஸ்டார்ட் செய்ததும் சத்தம் மைன்ஸ் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கருவேல மரத்திலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிட்டது. எனக்குக் கை ஊறியது.

டீமில் மூன்று பேரைச் சொன்னால் போதும். இன்ஜினியர் ஒரு பொம்பளை. பொள்ளாச்சிக்காரி, என்னைவிடச் சின்னவள், முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள். ரேஸில் ஓட்டப்போகிறவன் சென்னைப் பையன், வசதியான வீடு, ஆனால் மரியாதை தெரிந்தவன். அடுத்து மெக்கானிக். வாய் ஓயாத ஆள்.

பாதை டிப்பர் லாரிகள் ஓடின பழைய பாதை. மேலே தொடங்கி இறங்கும், ஒரு கொண்டை ஊசியில் திரும்பும், குழிக்குள் போய் இடது பக்கமாக ஒரு நீண்ட வளைவு எடுக்கும். அந்த வளைவுக்கு வலது பக்கம் ஒரு மண் கரை. கரைக்கு அப்பால் பத்து ஆள் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர். வளைவு முடிந்ததும் மேலே ஏறி, தொடங்கின இடத்துக்கே வந்துவிடும்.

நான் முதல் ரவுண்டுகளை நிதானமாக ஓட்டினேன். பையன் சிரித்தான். "அண்ணா, நடுவுல தூங்கிட்டீங்களா?"

இன்ஜினியர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டு, "எல்லா ரவுண்டும் ஒண்ணு போல இருக்குதுங்க. அப்படியே ஓட்டுங்க" என்றாள்.

எனக்கு அவள்மேல் நல்ல எண்ணம் வந்தது. அடுத்த நிமிஷமே போய்விட்டது. "பின்னாடி ஷாக் அப்சார்பர் லேசா இருக்கு மேடம்" என்றேன். பட்டென்று வந்தது பதில்.

"அதைக் கண்டுபிடிக்கிறது என்ற வேலைங்க, உங்க வேலை இல்லீங்க. உங்களுக்கு என்ன தெரிஞ்சுது, எங்க தெரிஞ்சுது, எப்பத் தெரிஞ்சுது? அதை மட்டும் சொல்லுங்க."

எனக்கு ரத்தம் ஏறியது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியவனுக்குக் காரணம் தெரியாதா? ஆனால் அவள் சொன்னது சரி. காரணம் சொன்னால் கேட்கிறவன் அந்தக் காரணத்தைத்தான் தேடுவான். கொண்டை ஊசியை விட்டு வெளியே வந்து ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது பின்பக்கம் மூன்று தடவை ஆடி நிற்கிறது என்று சொன்னால், எங்கே கை வைப்பது என்று அவளே முடிவு செய்வாள். அதன்பிறகு நான் அப்படித்தான் சொன்னேன்.

அவள் வேலை செய்யும் முறை இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நான் இறங்கி, கொஞ்சம் தள்ளியிருந்த வேப்ப மரத்தடியில் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பின்னால் ஜாக்கி ஏறும், சக்கரம் கழலும், ஸ்பேனர் சத்தம் கேட்கும். என்ன மாற்றினார்கள் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். அப்புறம் ஓட்டிவிட்டு வந்து, மாறியது என்ன என்று நான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் மதியம் பின்னால் ரொம்ப நேரம் வேலை நடந்தது. மெக்கானிக் மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்டது. ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு ரவுண்டு போனேன். ஒன்றுமில்லை. அந்த வெயிலில் இத்தனை பேர் கஷ்டப்பட்டு என்னவோ செய்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை என்றால் நான் எதற்கு? ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்றால் போதும், யார் கேட்கப்போகிறார்கள்.

"மன்னிச்சுக்குங்க மேடம். முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மெக்கானிக்தான் விழுந்து விழுந்து சிரித்தான். "எதுவும் மாத்தலைண்ணா. சக்கரத்தைக் கழட்டி அப்படியே மாட்டினோம். இது மேடம் போடுற நாடகம். போன தடவை வந்த ஆளு, முன் பக்கம் பட்டு மாதிரி ஆயிடுச்சுன்னு கைய ஆட்டி ஆட்டிச் சொன்னான். அன்னைக்கு சாயங்காலமே பஸ் ஏத்திவிட்டோம்."

எனக்கு முதலில் கோபம், என்னை ஏமாற்றினாளே என்று. பிறகு பைக்கில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

மூன்றாம் நாள் காலை வரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது. வண்டி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மெருகேறிக்கொண்டே வந்தது. மதியம் கடைசியாக ஒரு முறை என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பிறகு பையன் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. மறுநாள் காலையில் லாரி கிளம்பிவிடும். அடுத்த வாரம் ராலி.

மரத்தடியில் உட்கார்ந்தேன். ஜாக்கி, சக்கரம், ஸ்பேனர் எல்லாச் சத்தமும் வழக்கம்போல் கேட்டது. ஏறி ஓட்டினேன். அந்த நீண்ட இடது வளைவில் என் முதுகு நிமிர்ந்தது.

வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தால் வண்டியின் பின்பக்கம் வெளிப்புறமாக ஒரு தடவை அமுங்கும். அமுங்கி, அப்படியே நிற்கும். காலை வரைக்கும் அப்படித்தான். இப்போது ஒரு தடவை அமுங்கியது, ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்து இன்னொரு தடவை அமுங்கியது. ரொம்பச் சின்னதாக. இன்னொரு ரவுண்டு போனேன். அதே இடம், அதே மாதிரி.

"பெரிய வளைவுல பின்னாடி ரெண்டு தடவை உக்காருது மேடம். ஸ்டியரிங்கத் திருப்பி முடிச்சப்புறம். வேற எங்கயும் இல்ல."

அவள் முகம் முதல் தடவையாக மாறியது. ஏமாந்துபோன முகம். "ஏனுங்க, நான் ஒண்ணுமே மாத்தலைங்களே."

மெக்கானிக் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தான். பையன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் நாடகம். இந்த முறை நான் மாட்டிக்கொண்டேன். முதல் நாள் நான் சொன்னதும் குருட்டாம்போக்கில் சொன்னதுதான் என்று அவள் நினைக்கிறாள். டயர் சூடாகியிருக்கும் மேடம், எனக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கும் என்று சொல்லி நழுவிவிட வழி இருந்தது. வருஷம் முழுக்க வேலையும் மனைவியின் முகமும் கண் முன்னால் வந்தன. ஆனால் என் முதுகுக்குத் தெரிந்ததைத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீங்க மாத்தலைன்னா அதுவா மாறிருக்கு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "காலைல இல்ல. இப்ப இருக்கு. என்னை பஸ் ஏத்தணும்னா ஏத்துங்க, ஆனா இவனை இதுல முழு வேகத்துல அனுப்பாதீங்க. அந்தப் பக்கம் தண்ணி கெடக்கு."

நியாயமான பொம்பளை. வண்டிக்குக் கீழே குனிந்தாள். போல்ட்டு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு போட்டிருப்பார்கள். போல்ட்டு தளர்ந்தால் கோடு விலகும். ஒன்றுகூட விலகவில்லை. பின் டயர் இரண்டையும் மாற்றிப் போட்டு என்னை மறுபடி அனுப்பினாள். மறுபடியும் இரண்டு தடவை அமுங்கியது. லேப்டாப்பில் பார்த்தாள். வண்டியிலிருந்த சென்சார்கள் போட்ட கோடெல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஸ்டியரிங் அசைவை அளக்கிற சென்சார் வாங்க அந்த டீமுக்கு வசதியில்லை.

"நான் மெதுவா ஒரு ரவுண்டு போய்ப் பாக்கறேனே" என்றான் பையன். போய்விட்டு வந்தான். மெதுவாக என்றானே தவிர, அவன் என்னைவிட வேகமாகத்தான் போனான். "சூப்பரா இருக்குண்ணா. எனக்கு ஒண்ணும் தெரியல."

இன்ஜினியர் என்னைப் பார்த்தாள். "அவரு ஓட்டினா இல்லீங்க. நீங்க ஓட்டினாத்தான் இருக்குது."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. "சரி, அவன் ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காருறேன்" என்றேன்.

ராலி வண்டியில் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து வழி சொல்வான். அந்த சீட்டில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டேன். கொண்டை ஊசியை அவன் திருப்பிய அழகைச் சொல்லி மாளாது. எனக்கு ஆயுசுக்கும் அது வராது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வளைவு வந்தது. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினான், பிடித்தான். உடனே ஒரு விரற்கடை திரும்ப விட்டு, மறுபடி பிடித்தான். அவ்வளவுதான். அவ்வளவு வேகமாக, அவ்வளவு லேசாக. இன்னொரு ரவுண்டு போகச் சொன்னேன். அதே இடத்தில் அதே விரற்கடை.

மேலே வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"தம்பி, அந்த வளைவுல கைய ரெண்டாவது தடவை ஏன் அசைக்கிற?"

"நான் அசைக்கலையேண்ணா."

"அசைக்கிற. இப்ப இன்னொரு ரவுண்டு போ, வேகத்தக் கொறச்சு. கைய ஒரு தடவ திருப்பினா திருப்பினபடியே வெச்சுக்க. என்ன ஆனாலும் கூட்டாத, கொறைக்காத."

"சரிண்ணா."

மறுபடி குழிக்குள் இறங்கினோம். வளைவில் திருப்பினான். விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தான். வண்டி அமுங்கியது. இரண்டாம் தடவையும் அமுங்கியது. அவ்வளவு மெதுவாகப் போகும்போதே பின்பக்கம் வலது பக்கமாக நழுவி, மண் கரை அவன் பக்கத்துக் கண்ணாடி முழுக்க வந்துவிட்டது. அவன் பிரேக்கை மிதித்தான். சுண்ணாம்புத் தூசி எங்களைத் தாண்டிப் போய்த் தண்ணீர்மேல் இறங்கியது.

"அண்ணா. இது காலைலேர்ந்தே இப்படியா?"

"மத்தியானத்துலேர்ந்து."

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்கு மட்டும் கத்த வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை. வண்டி செய்வது உண்மை, நான் சொன்னது உண்மை. அது போதும்.

மேலே வந்ததும் பையனே எல்லாவற்றையும் சொன்னான். இன்ஜினியர் வலது பின்சக்கரத்துக்குள் தலையை விட்டாள். மெக்கானிக் சுரண்டியை எடுத்து, சிமெண்டு மாதிரி இறுகிப்போயிருந்த சுண்ணாம்பு மண்ணைச் சுரண்டினான். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியின் உடம்போடு சேரும் இடம் அது. பெயின்ட்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. கீறல் என்றுகூடச் சொல்ல முடியாது.

"நெம்பு" என்றாள்.

அவன் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினான். கோடு வாயைத் திறந்தது. விட்டான், மூடிக்கொண்டது. மறுபடி நெம்பினான், திறந்தது. வெல்டிங் விட்டிருந்தது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்த முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. "ரெண்டு தடவை உக்காருதுன்னீங்களே. முதல் தடவை ஸ்பிரிங்குங்க. ரெண்டாவது இது. பாரம் விழுந்தா வாயத் தொறக்குது, நேரா நின்னா மூடிக்குது. ஜாக்கியில தூக்கிப் பாத்தா எப்படித் தெரியும்?" என்று கையைக் கையால் குத்திக்கொண்டே சொன்னாள். அதன்பிறகு அவளும் நானும் அந்தக் கோட்டைப் பற்றி மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தோம். மெக்கானிக், "வெல்டிங் வெக்கலாமா, இல்ல பேசியே ஒட்ட வெக்கப் போறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தோம்.

பையன் தனியாக ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பாறையில் கடல் சிப்பி பதிந்திருக்கும், எங்கள் பக்கம் எல்லா மைன்ஸிலும் இருக்கும். அதை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தான். "எனக்கு ஏண்ணா தெரியல?" என்று கேட்டான்.

"நீ நல்லா ஓட்டுற, அதான். வண்டி தப்பு பண்ணினா உன் மூளைக்குத் தெரியறதுக்குள்ள உன் கை அதைச் சரி பண்ணிடுது. ரேஸுக்கு அது வேணும். எனக்கு அப்படி ஒரு கை இருந்தா நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல."

அவனுக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. நான் கண்டுகொண்டதே அதுதான். கெட்ட வண்டியையும் நல்லபடி ஓட்டிக்கொண்டு போகிறவன் ரேஸ்காரன். டெஸ்ட் டிரைவர் அந்தக் கெட்டதை மூடக் கூடாது. அது நடக்கும்படி விட்டு, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். எதிரே நிற்கிறவர் முகம் எப்படிப் போனாலும் சொல்ல வேண்டும்.

லாரியிலேயே ஜெனரேட்டரும் வெல்டிங் செட்டும் இருந்தன. தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். வெயில் சாயும்போது என்னை அனுப்பினார்கள். போய்விட்டு வந்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் கைதட்டியிருப்பார்கள்.

"ஒரு தடவதான் உக்காருது. ஆனா காலைல இருந்ததவிட அந்தப் பக்கம் கொஞ்சம் கெட்டியா இருக்கு. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியுது."

"தகடு வெச்சிருக்கோமுங்க. கோயம்புத்தூர் போனதும் அந்தப் பக்கமும் வெச்சுடறேன்" என்றாள் அவள். பிறகு பையனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

அவன் முழு வேகத்தில் போனான். நாங்கள் மேலே நின்று பார்த்தோம். அந்த வளைவுக்குள் வண்டி நுழைந்ததும் மெக்கானிக்கூட வாயை மூடிக்கொண்டான். இன்ஜின் சத்தம் எங்கும் அறுபடவில்லை. ஒரே சீராக ஏறி, வளைவு முழுக்க அப்படியே நின்று, மேட்டில் ஏறி எங்களைத் தாண்டிப் போனது. எங்கள் மூன்று பேர் தலையிலும் வெள்ளைத் தூசி. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. நல்ல வார்த்தை இல்லை என்று மெக்கானிக் பிறகு சொன்னான்.

சாமான்களைக் கட்டும்போது இன்ஜினியர் என்னிடம் வந்தாள். "ராலிக்கு வந்துடுங்க. அங்கயும் காலைல வண்டிய முதல்ல நீங்கதான் எடுக்கணும்."

"அப்ப வேலை?"

"அதைத்தானுங்க சொல்றேன்."

எனக்கு நன்றி சொல்ல வராது. அதற்குப் பதிலாக ஒன்று கேட்டேன். "மேடம், வண்டிய லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி நான் ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமா? டெஸ்டுக்கு இல்ல. சும்மா."

அவள் பெட்ரோல் டேங்கைத் தட்டிப் பார்த்தாள். "இருக்குது. போயிட்டு வாங்க."

போனேன். கொண்டை ஊசியில் பின்பக்கத்தை வேண்டுமென்றே வீசினேன், பெரிய வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. மேட்டில் ஏறும்போது நான்கு சக்கரமும் மண்ணை விட்டுக் கிளம்பின என்று நினைக்கிறேன். வண்டியை நிறுத்தி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினேன். இன்ஜினியர் பழக்கதோஷத்தில் கேட்டாள்.

"எப்படி இருந்துதுங்க?"

"தெரியல மேடம்" என்றேன். "கவனிக்கல."